கரையில் நிற்பவர் காணாத வேலை: வெளிநாட்டுப் பயணத்தில் போர்க்கப்பலின் ஒரு நாள்

திருகோணமலையில் கடலைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்குப் போர்க்கப்பல் புதினமான காட்சி அல்ல. ஆயினும் சில காலத்துக்கு முன் திருக்கடலூரைச் சேர்ந்த வயது முதிர்ந்த மீனவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. நல்லெண்ணப் பயணமாக வந்திருந்த வெளிநாட்டுக் கப்பலொன்று துறைமுகத்தை விட்டு வெளியேறி, நேராகக் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென வலப்பக்கம் வெட்டித் திரும்பியதாம். அந்தத் திருப்பம் முடியும் முன்பே இடப்பக்கமாகப் பெரிய வளையம் ஒன்றைப் போட்டு, தான் ஓடிவந்த தடத்தின் மேலேயே எதிர்த்திசையில் வந்து, வேகம் தணிந்து நின்றதாம். "சுக்கான் இறுகிப்போச்சோ, இல்லாட்டி எதையும் விட்டிட்டுப் போனவங்களோ தம்பி?" என்று கேட்டார்.

அவருடைய இரண்டாவது ஊகம் உண்மைக்கு மிக அருகில் இருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்துகொண்டேன். கப்பல் ஓர் ஆளை விட்டுவிட்டுத்தான் போயிருந்தது. ஆனால் அந்த ஆள், உயிர்காப்பு அங்கி மாட்டிய ஒரு பொம்மை. அதைப் பின்தளத்திலிருந்து கடலில் எறிந்துவிட்டு, "ஆள் கடலில்" என்று குரல் கொடுப்பார்கள். அந்தக் குரல் கேட்ட கணத்திலிருந்து நேரம் கணக்கிடப்படும். சிவப்பும் மஞ்சளும் மூலைக்கு மூலை பிரிந்த கொடி ஏறும். நீந்தி மீட்பவர் தயாராவார். கண்காணிப்பாளர் ஒருவர் பொம்மையை நோக்கி நீட்டிய கையை இறக்காமல் நிற்பார். அலைக்குள் மிதக்கும் ஒரு தலையை ஒருமுறை கண்ணிலிருந்து தவறவிட்டால் மீண்டும் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை எமது மீனவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த வளையத்துக்கு வில்லியம்சன் திருப்பம் என்று பெயர். ஆள் விழுந்த பக்கமாகவே முதலில் சுக்கானை முழுவதுமாகத் திருப்புவார்கள். அப்போது கப்பலின் பின்புறம் மறுபக்கம் விலகுவதால், விழுந்தவர் புரொப்பெல்லரில் அகப்படுவதிலிருந்து தப்புவார். முதல் திசையிலிருந்து 60 பாகை விலகியதும் சுக்கான் எதிர்ப்பக்கம் முழுவதுமாகத் திருப்பப்படும். அதன்பின் கப்பல் பெரிதாகச் சுற்றி நேர் எதிர்த்திசைக்கு வரும்போது, தான் கடந்துவந்த பாதையின் மேலேயே நிற்கும். விழுந்தவர் கண்ணுக்குத் தெரியாத இரவிலும் மழைமூட்டத்திலும் இந்தத் திருப்பத்தின் பயன் பெரிது. பகலில் ஆள் தெரிந்துகொண்டிருந்தால், ஒரே பக்கமாகச் சுற்றி விரைவில் வந்துசேரும் வேறு திருப்பம் உண்டு. எதை எப்போது தெரிவுசெய்வது என்று யோசிக்க நேரமிருக்காது என்பதால்தான், துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட அன்றைக்கே பொம்மையை எறிகிறார்கள்.

இந்தக் கட்டுரையின் பொருளும் அதுதான். வெளிநாட்டுப் பயணம் செல்லும் போர்க்கப்பலைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்தி பெரும்பாலும் வரவேற்பு, வெள்ளைச் சீருடை, கைகுலுக்கும் புகைப்படம், கடற்கரையில் சிரமதானம், நட்புறவு விளையாட்டுப் போட்டி என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அவை யாவும் இரண்டு மூன்று நாட்களின் காரியங்கள். இரு துறைமுகங்களுக்கு இடையிலுள்ள நீண்ட நாட்களில் கப்பலில் நடப்பது ஏறக்குறைய முழுவதும் பயிற்சியே. நடுக்கடலில் தீயணைப்புப் படையை அழைக்க முடியாது, நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்ப முடியாது, பழுதான இயந்திரத்துக்கு மெக்கானிக்கைத் தேட முடியாது. கப்பலில் உள்ள இருநூறு பேரோ முந்நூறு பேரோ அவ்வளவுக்கும் தாங்களே ஆளாக வேண்டும்.

இதற்கு அடிப்படை, நாளைப் பங்கிடும் முறை. பிரித்தானிய மரபைப் பின்பற்றும் கடற்படைகளில் 24 மணிநேரம் ஏழு காவல்களாகப் பிரிக்கப்படுகிறது: நான்கு மணிநேரக் காவல் ஐந்து, மாலை 4 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் இரண்டு மணிநேரக் காவல் இரண்டு. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால், நள்ளிரவுக் காவல் ஒரே குழுவின் தலையில் நாள்தோறும் விழாமல் சுழன்றுகொண்டே போகும். இரவை யாமங்களாகப் பகுத்துக் காவல் மாற்றிய தமிழருக்கு இந்த ஏற்பாட்டின் நியாயம் எளிதில் விளங்கும். ஆபத்தான கடற்பகுதியில் நுழையும்போது இந்த ஒழுங்கு மாறி, கப்பலில் உள்ளவர்கள் இரண்டே பிரிவாகி, ஆறு மணிநேரம் வேலை, ஆறு மணிநேரம் ஓய்வு என்ற கணக்கில் வாரக்கணக்காக இயங்குவார்கள். ஓய்வு என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சாப்பாடு, துணி துவைப்பு, துப்புரவு, தத்தமது பிரிவின் பராமரிப்பு வேலை, இவற்றோடு பயிற்சி மணியும் அந்த நேரத்துக்குள்தான் வந்து விழும்.

தூக்கம் குறைந்தால் என்ன நடக்கும் என்பதை 2017ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை மிகுந்த விலை கொடுத்து அறிந்தது. அவ்வாண்டு ஜூன் 17 அதிகாலை ஜப்பானுக்கு அருகே 'ஃபிட்ஸ்ஜெரால்ட்' என்ற நாசகாரிக் கப்பல் ஒரு கொள்கலன் கப்பலுடன் மோதியதில் ஏழு மாலுமிகளும், ஓகஸ்ட் 21 அதிகாலை சிங்கப்பூருக்கு அருகே 'ஜோன் எஸ். மெக்கெய்ன்' ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதியதில் பத்து மாலுமிகளும் இறந்தனர். இரண்டாவது விபத்து எப்படி நிகழ்ந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பரபரப்பான நீரிணைப் பாதையில், சுக்கான் பிடித்தவருக்கு வேலை அதிகமாக இருக்கிறது என்று கருதிய கட்டளை அதிகாரி, வேகக் கட்டுப்பாட்டை மட்டும் பக்கத்து ஆளிடம் மாற்றும்படி பணித்தார். தொடுதிரையில் அந்த மாற்றத்தைச் செய்தபோது சுக்கான் கட்டுப்பாடும் சேர்ந்தே மாறிப்போனதை எவரும் கவனிக்கவில்லை. சுக்கான் செயலிழந்துவிட்டது என்று அறிவித்தார்கள். உண்மையில் அது செயலிழக்கவே இல்லை, அடுத்த இருக்கையில் இருந்தது. வேகத்தைக் குறைத்தபோது இரண்டு புரொப்பெல்லர்களில் ஒன்று மட்டுமே தணிய, கப்பல் இடப்பக்கம் இழுபட்டு மற்றக் கப்பலின் முன்னே போய் விழுந்தது. அந்தக் கட்டளை மேடையில் நின்றவர்கள் சராசரியாக ஐந்து மணிநேரத்துக்கும் குறைவாகவே உறங்கியிருந்தனர் என்றும், அந்தச் சாதனத்தில் போதிய பயிற்சி அவர்களுக்கு இருக்கவில்லை என்றும் விசாரணையில் தெரியவந்தது. அதன் பின்னரே உடலின் இயல்பான உறக்க நேரத்துக்கு இசைந்த காவல் அட்டவணையை அந்தக் கடற்படை கட்டாயமாக்கியது.

இந்த விபத்தை அறிந்தவர்களுக்கு, கடற்படைகளில் நடக்கும் சுக்கான் பழுதுப் பயிற்சி வெறும் சடங்காகத் தோன்றாது. மேடையிலிருந்து சுக்கான் இயங்கவில்லை என்று முன்னறிவிப்பின்றி அறிவிப்பார்கள். உடனே இரண்டு மூன்று பேர் கப்பலின் கடைக்கோடியில், சுக்கான் இயந்திரம் இருக்கும் சிறு அறைக்குள் ஓடுவார்கள். அங்கே சாளரமில்லை, கடல் தெரியாது. காதில் மாட்டிய தொலைபேசியில் மேடையிலிருந்து வரும் கட்டளையும், முன்னால் சிறு திசைகாட்டியும் மட்டுமே துணை. "வலம் பத்து" என்று கட்டளை வந்தால், "வலம் பத்து" என்று திருப்பிச் சொல்லி, சுக்கானை நகர்த்தி, "வலம் பத்தில் நிற்கிறது" என்று மூன்றாவது தடவையும் சொல்ல வேண்டும். இந்த மும்முறைக் கூற்று வெளியாருக்கு வீண்வேலையாகத் தோன்றலாம். இரைச்சலில், இருளில், அரைத் தூக்கத்தில் ஒரு சொல் தவறாகக் கேட்கப்படுவதை அதைவிட எளிதாகத் தடுக்கும் வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தீயைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கப்பற்காரர் ஒருவரிடம் எதற்கு அதிகம் அஞ்சுகிறீர்கள் என்று கேட்டால், புயலையோ எதிரியையோ முதலில் சொல்லமாட்டார். தீ என்றுதான் சொல்வார். உருக்கு, வெப்பத்தைக் கடத்தும். ஓர் அறையில் எரியும் தீ நான்கு சுவர்கள், மேல்தளம், கீழ்த்தளம் என ஆறு பக்கமும் உள்ள அறைகளின் வண்ணப்பூச்சையும் வயர்களையும் சூடாக்கிப் பற்றவைக்கும். ஆகவே ஒரு குழு மூச்சுக்கருவி அணிந்து உள்ளே தீயோடு போராடும்போது, வேறு குழுக்கள் அந்த ஆறு பக்கங்களிலும் நின்று சுவர்களுக்கு நீரடித்துக் குளிரச் செய்துகொண்டே இருக்க வேண்டும். அவ்வாறு அடிக்கும் நீரும் ஆபத்தாகும். நிறைகுடம் தளும்பாது, அரைக்குடமே தளும்பும். ஒரு தளத்தில் அரைகுறையாகத் தேங்கிய நீர் கப்பல் சரியும் பக்கமெல்லாம் தானும் ஓடி, சரிவை மேலும் கூட்டும். 1942 பெப்ரவரியில் நியூயோர்க் துறைமுகத்தில் தீப்பிடித்த 'நோர்மண்டி' என்ற மாபெரும் பயணிகள் கப்பல், அணைப்பதற்குப் பாய்ச்சிய நீரின் பாரத்தாலேயே கட்டிய இடத்தில் கவிழ்ந்தது. எனவே தீயணைப்புப் பயிற்சியில் நீரை வெளியேற்றும் பம்பிகளைப் பொருத்துவதும் ஒரு பாடம்.

1967 ஜூலை 29 அன்று வியட்நாமுக்கு அருகே அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் 'ஃபொரெஸ்டல்' இல் தவறுதலாகப் பாய்ந்த ஒரு ரொக்கெட், எரிபொருள் நிரம்பிய விமானமொன்றைத் துளைத்தது. முதல் குண்டு வெடித்தபோது, தீயணைப்பில் தேர்ந்த குழுவினரில் பெரும்பாலோர் அதிலேயே மாண்டுபோயினர். மிஞ்சியவர்கள் துணிவுடன் குழாய்களைத் தூக்கினார்கள். ஆனால் முறை தெரியாததால், ஒரு குழு பரப்பிய நுரையை மறு குழு கடல்நீரை அடித்துக் கழுவிவிட்டது. 134 பேர் இறந்தனர். தீயணைப்பு என்பது ஒரு பிரிவின் தொழில் என்ற எண்ணம் அன்றோடு முடிந்தது. சமையற்காரர் முதல் எழுதுவினைஞர் வரை எல்லோரும் அதைக் கற்க வேண்டும் என்ற நியதி வலுப்பெற்றது. 1982 மே 4 அன்று ஃபோக்லாந்துப் போரில் ஏவுகணை தாக்கிய பிரித்தானியக் கப்பல் 'ஷெஃபீல்ட்' இல் தீயணைக்கும் நீர்க்குழாயே முறிந்துபோனது; தாக்குதலிலும் புகையிலும் 20 பேர் இறந்தனர். அந்தப் போரில் செயற்கை இழைச் சீருடைகள் உருகி உடலோடு ஒட்டியதைக் கண்ட பிறகு, மாலுமிகளின் துணியையும் மாற்றினார்கள்.

துறைமுகத்துக்கு வந்திருந்த இந்தியக் கப்பலொன்றைப் பாடசாலை மாணவர்கள் பார்வையிட்ட நாளில் நானும் உடன் சென்றிருந்தேன். தூத்துக்குடியைச் சேர்ந்த இளம் மாலுமி ஒருவர் தமிழில் விளக்கிக்கொண்டு வந்தது பிள்ளைகளுக்குப் பெருமகிழ்ச்சி. "நெருப்புப் பிடிச்சா கடலுக்க குதிக்கலாம்தானே அண்ணா?" என்று ஒரு பையன் கேட்டான். மாலுமி சிரிக்கவில்லை. "எல்லாரும் குதிச்சுட்டா தீய யாரு தம்பி அணைக்கிறது? கப்பல் போயிருச்சுன்னா, குதிச்சவன் எங்க போவான்?" என்று கேட்டுவிட்டு, சுவரோரம் மாட்டியிருந்த ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். அதற்குள் இருந்தவை மரத்துண்டுகள்: விரற்கடை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை, கூம்பாகச் சீவிய ஆப்புகள், ஒரு மரச்சுத்தியல், பழைய துணிச் சுருள். ரேடாரும் ஏவுகணையும் உள்ள கப்பலில், ஓட்டை விழுந்த இடத்தில் துணியைச் சுற்றி ஆப்பை அறைந்து நீரைத் தடுக்கும் முறை இன்றும் மாறவில்லை. மரம் நீரில் ஊறிப் பருத்து தானே இறுகிக்கொள்ளும் என்பதுதான் அதன் சூட்சுமம். வள்ளத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சை அறைந்து கலப்பற்று அடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் பலர் இருந்தார்கள். அந்த ஆப்பைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, கப்பலில் அதுவரை கண்ட எதையும்விட அது அவர்களுக்கு நெருக்கமாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

நீர் புகும் அறையிலிருந்து வெளியேறுவதையும் பழக்குகிறார்கள்; பல கடற்படைகளில் கண்ணைக் கட்டிவிட்டு, படுக்கையிலிருந்து ஏணி வரை தடவித் தடவிப் போகச் சொல்வார்கள். 'ஃபிட்ஸ்ஜெரால்ட்' இல் நீர் புகுந்த படுக்கை அறையில் அந்த அதிகாலையில் 35 பேர் இருந்தனர். அவர்களில் 28 பேர், மின்சாரம் போன இருளில், கழுத்தளவு நீரில் மிதந்த மெத்தைகளையும் பெட்டிகளையும் விலக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள்.

இலங்கையின் கிழக்கே இதே பாடம் வேறு விதமாகத் தேவைப்பட்டது. 2020 செப்டம்பர் 3 அன்று சங்கமன்கண்டிக்கு அப்பால், குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்குச் சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெயுடன் சென்ற 'நியூ டயமண்ட்' கப்பலின் இயந்திர அறையில் தீ மூண்டது. மாலுமி ஒருவர் இறந்தார்; ஏனைய 22 பேர் காப்பாற்றப்பட்டனர். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடற்படை, கரையோரக் காவல் படைக் கப்பல்களும் சேர்ந்து நாட்கணக்காக நீரடித்தன. அணைந்தது என்று ஆறுதலடைந்த பின்னர் செப்டம்பர் 7 அன்று தீ மீண்டும் எழுந்தது. எண்ணெய்த் தொட்டிகளுக்கு அது பரவியிருந்தால் அம்பாறையிலிருந்து திருகோணமலை வரை எத்தனை கரைவலைக் குடும்பங்களின் வாழ்வு அதோடு முடிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. சொந்தக் கப்பலுக்காகப் பழகிய வேலை பிறர் கப்பலுக்கும் உதவும் என்பதை, 2024 ஜனவரியில் ஏடன் வளைகுடாவில் ஏவுகணையால் தாக்கப்பட்டு எரிந்த 'மார்லின் லுவாண்டா' எண்ணெய்க் கப்பலிலும் கண்டோம், இந்தியக் கடற்படைக் கப்பல் 'ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம்' அனுப்பிய பத்துப் பேர் கொண்ட குழு அந்தத் தீயை அணைக்கத் துணைநின்றது.

தூரப் பயணத்தின் இன்னொரு கடினமான வேலை, ஓடிக்கொண்டே எண்ணெய் வாங்குவது. எண்ணெய்க் கப்பலும் போர்க்கப்பலும் ஏறத்தாழ 30 முதல் 50 மீற்றர் இடைவெளியில், மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில், மணிக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும். இரு கப்பல்களுக்கும் இடையே ஒடுங்கிய வழியில் நீர் விரைந்து பாய்வதால் அங்கே அழுத்தம் குறைந்து, இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்றை இழுக்கும். கப்பலின் முன்முனையான அணியத்தின் அருகே மட்டும் நீர் குவிந்து தள்ளிவிடும். இழுப்புக்கும் தள்ளலுக்கும் நடுவே, ஒரு பாகைகூடப் பிசகாமல் சுக்கானைப் பிடிப்பதற்குக் கப்பலின் மிகச் சிறந்த சுக்கான்காரரையே நிறுத்துவார்கள். ஏதேனும் பிழைத்தால் குழாயைக் கழற்றி விலகும் அவசரப் பிரிவும் பயிற்சியில் அடக்கம். நண்பர்கள் அருகருகே ஓடும் இந்த வேளையில்தான் கட்டளை அதிகாரிகளின் முகம் மிக இறுகியிருக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், நம்புகிறேன்.

இப்படி எண்ணெய் கொடுக்கத் தனிக் கப்பல் இல்லாத கடற்படை, வழியில் நட்புத் துறைமுகங்களை நம்பியே போக வேண்டும். திருகோணமலையின் சீனன்குடாக் காட்டுக்குள் இன்றும் நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகள் அந்தத் தேவையின் சாட்சிகள். தூரக் கடலுக்கு அனுப்பிய தமது கப்பல்களுக்கு வழியில் எண்ணெய் வேண்டும் என்பதற்காகவே பிரித்தானியர் அவற்றைக் கட்டினர். 2022 ஜனவரியில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 61 தாங்கிகள் இலங்கை, இந்தியக் கூட்டு நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும் என்று பிரிந்தன. ஊரில் அதைப் பெற்றோல் அரசியலாகவே பேசுகிறோம். அதன் வேர் கப்பல்களின் பயணத்தில் இருக்கிறது.

உண்மையில் பயிற்சியும் திருகோணமலையும் நெடுநாள் உறவினர். 1944 மார்ச் இறுதியில் அமெரிக்க விமானந்தாங்கி 'சரட்டோகா' இந்தக் கடலுக்கு வந்து பிரித்தானியக் கிழக்குக் கடற்படையுடன் சேர்ந்தது. உடனே போருக்குப் போகவில்லை. திருகோணமலைக்கு வெளியே பிரித்தானிய விமானந்தாங்கி 'இலஸ்ட்ரியஸ்' உடன் தீவிரமாகப் பயிற்சி செய்து, பசிபிக்கில் கற்ற அனுபவத்தைத் தன் விமானிகள் மூலம் பிரித்தானிய விமானிகளுக்குக் கொடுத்த பின்னரே, ஏப்ரல் 19 அன்று சுமாத்ராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே ஏப்ரலில், 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கி, தன் விமானங்கள் கரையில் நிற்க, வெறுந்தளத்துடன் இங்கிருந்து அவசரமாக வெளியேறி, மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டதை நினைவிற்கொண்டால், அந்தப் பயிற்சி நாட்களின் பெறுமதி விளங்கும். அதே 1944இல், ஓகஸ்ட் 8 அன்று, எதிரி எவரும் இல்லாமலே உள்துறைமுகத்தில் ஒரு பேரிழப்பு நேர்ந்தது: 'வேலியண்ட்' என்ற போர்க்கப்பலை உயர்த்திக்கொண்டிருந்த மிதக்கும் உலர்துறை, தொட்டிகளிலிருந்து நீரை வெளியேற்றிய ஒழுங்கு பிழைத்ததால் முறிந்து மூழ்கியது, கப்பலின் சுக்கானும் புரொப்பெல்லர்களும் சேதமடைந்தன. எந்தத் தொட்டியை எப்போது திறப்பது என்ற சிறு விடயம் அது. 1950களில் பொதுநலவாயக் கடற்படைகள் ஆண்டுதோறும் இங்கே கூடிச் செய்த கூட்டுப் பயிற்சிக்கு எமது ஊரின் பெயரையே வைத்திருந்தார்கள். 1957இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்த பின்னர், இலங்கைக் கடற்படையின் பயிற்சிக் கல்விக்கழகம் இங்கேயே நிலைபெற்றது. இந்தியாவுடனான 'ஸ்லினெக்ஸ்' கூட்டுப் பயிற்சி 2018இலும் 2020இலும் இங்கு நடந்தது.

ஏன் இங்கே என்பதற்கு, ஆழம் என்பது ஒரு விடை. கொட்டியாரக் குடாவிலேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு, கரையிலிருந்து அதிக தூரம் போகாமலே ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. திமிங்கிலங்கள் இவ்வளவு அருகே வருவதும் அதனால்தான். நீர்மூழ்கியைத் தேடிப் பழகுபவர்களுக்கு இது கடினமான பள்ளிக்கூடம். வெப்பமான மேல்நீருக்குக் கீழே குளிர்ந்த நீர் தொடங்கும் எல்லையில், கப்பல் அனுப்பும் ஒலி கீழ்நோக்கி வளைந்து போய்விடும். வளைந்த ஒலிக்கும் மேற்பரப்புக்கும் இடையே ஒலி எட்டாத நிழற்பகுதி ஒன்று உருவாகும். ஆற்றுநீர் மிகுதியாகக் கலப்பதால் வங்காள விரிகுடாவின் மேல்நீரில் உப்பும் குறைவு. அதுவும் கணக்கைக் குழப்பும். காலையில் ஒன்றும் பிற்பகலில் வேறொன்றுமாக நிழல் இடம் மாறுவதால், ஒலியால் நீரடியைத் தேடும் கருவியான சோனாரை இயக்குபவர் நாள்தோறும் நீரின் வெப்பத்தை அளந்து, கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். வாடைக்கும் சோழகத்துக்கும் நீர் மாறுவதை அறிந்து வலை வைப்பவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

பிற கப்பலில் ஏறிச் சோதனையிடும் பயிற்சி அண்மைய ஆண்டுகளில் முக்கியத்துவம் பெற்றிருக்கிறது. 2024 மார்ச் 16 அன்று 'ஐ.என்.எஸ். கொல்கத்தா', கடற்கொள்ளையர் மூன்று மாதங்களாகப் பிடித்து வைத்திருந்த 'ருவென்' கப்பலை ஏறத்தாழ 40 மணிநேரம் நெருக்கி நின்று, 35 கொள்ளையரைச் சரணடையச் செய்து, 17 மாலுமிகளைக் காயமின்றி மீட்டது. இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. அதே ஆண்டு ஜனவரி இறுதியில் ஆறு இலங்கை மீனவர்களுடன் 'லொரென்சோ புத்தா 4' என்ற நெடுநாள் படகைச் சோமாலியக் கொள்ளையர் பிடித்தபோது, சீஷெல்ஸ் நாட்டுக் கரையோரக் காவல் படைதான் அவர்களை மீட்டது. ஏணியில் ஏறுபவரின் இரண்டு கையும் ஏணியில் இருக்கும் அந்தச் சில கணங்களில் அவர் முற்றிலும் பாதுகாப்பற்றவர். ஆகவே படகைப் பக்கத்தில் ஒட்டி நிறுத்துபவர், மேலிருந்து காவல் பார்ப்பவர், ஏறுபவர் ஆகிய மூவரும் ஒருவர் மூச்சை ஒருவர் அறியும் வரை பழகுகிறார்கள்.

2024 ஜனவரியில், வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டுவந்த செங்கடலுக்கு இலங்கைக் கப்பலொன்றை அனுப்பப்போவதாக அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தபோது, இரண்டு வாரங்களுக்கு 25 கோடி ரூபாய் செலவாகும் என்றும் கூறினார். பொருளாதார நெருக்கடியில் மக்கள் துவண்டிருந்த வேளையில் அந்தச் செலவு தேவைதானா என்ற கேள்வி நியாயமானது. அந்த விவாதத்தில் யாரும் எழுப்பாத இன்னொரு கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது: அனுப்பப்படுபவர்கள் எத்தனை வாரம் பழகிய பின் போகிறார்கள்? நமது கடற்படையின் பெரிய கப்பல்கள் இந்தியாவில் கட்டப்பட்டவை, அமெரிக்காவிலிருந்து வந்தவை, சீனாவிலிருந்து வந்தவை என்று பல வகை. 'கஜபாகு' 1968இல் அமெரிக்கக் கரையோரக் காவல் படையில் சேவையில் இணைந்த கப்பல். அரை நூற்றாண்டைக் கடந்த இயந்திரத்தைச் செங்கடலின் வெப்பத்தில் ஓட்டுபவர்களுக்கு, பழுதுப் பயிற்சி உயிர்நாடி. ஒரு கப்பலில் பழகியவர் மறு கப்பலுக்கு மாற்றப்பட்டால் வால்வு எங்கே, கைப்பிடி எங்கே என்று முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும்.

போர்க்காலத்தில் நேவி என்ற சொல் எமது மக்களுக்கு மீன்பிடித் தடையையும் சோதனைச்சாவடியையும் நினைவூட்டிய சொல் என்பதை மறைத்து இதை எழுத எனக்கு மனமில்லை. அந்த நினைவு இன்னும் ஆறவில்லை. ஆனால் கப்பலின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிந்திருப்பது, துறைமுகத்தை வைத்து நடக்கும் பேரங்களை விளங்கிக்கொள்ளவும், கேட்க வேண்டிய கேள்விகளைச் சரியாகக் கேட்கவும் எங்களுக்கு உதவும்.

திருக்கடலூர்ப் பெரியவருக்கு வில்லியம்சன் திருப்பத்தை மணலில் கோடு கீறிக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "எத்தனை தரம் எறிஞ்சு எடுப்பாங்க?" என்று கேட்டார். பயணம் முழுவதும் என்றேன். பயணம் முடிந்து கப்பல் தாய்த்துறைமுகத்துக்குத் திரும்பியதும் பழகிய மாலுமிகளில் பலர் வேறு கப்பல்களுக்கும் கரைப் பணிக்கும் மாற்றலாகிப் போவார்கள். அவர்களின் படுக்கைகளில் புதியவர்கள் வந்து படுப்பார்கள். அடுத்த பயணத்துக்கு முன், கட்டிய கப்பலிலேயே, நீர்புகாக் கதவின் கைப்பிடிகளை எந்த வரிசையில் இறுக்குவது என்பதிலிருந்து பாடம் மறுபடியும் தொடங்கும்.